சங்குச் சக்கரத்தில் ஏறிய வெள்ளை

பழைய காசு வெள்ளையாக மின்னினால், முதல் வேலையாக அதை நகைப்பட்டறையில் ஆசிட் சொட்டு வைக்கக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்ததன் தழும்பு இந்தக் காசில் சங்கு முத்திரைக்குப் பக்கத்தில் மிளகளவு இருக்கிறது. இனி அது போகாது.

காசு திருவிதாங்கூர் அரசின் 'ஒரு சக்கரம்' நாணயம், மன்னர் சித்திரைத் திருநாள் காலத்தது. 1956 வரை நம்ம கன்னியாகுமரிப் பக்கம் திருவிதாங்கூரோடு இருந்ததால் பழைய வீட்டுப் பெட்டிகளில் சாதாரணமாகக் கிடைக்கும் செம்புக் காசுதான். இது மட்டும் விளிம்பு உட்பட வெள்ளி நிறம். 'வெள்ளிச் சக்கரமும் உண்டே' என்பார்கள். உண்டு. ஆனால் அது அரை கிராம்கூட வராத பொடிக்காசு. குழி போட்ட சக்கரப் பலகையில் வாரிப் போட்டு எண்ணியது. இந்த அளவில் வராது.

காந்தம் ஒட்டவில்லை. விளிம்பில் கொக்கி பற்றவைத்த தடமும் இல்லை, அதனால் பதக்கமாக்கி முலாம் பூசியதாகத் தோன்றவில்லை.

பட்டறையில் 'வேண்டாம்' என்று சொல்வதற்குள் நைட்ரிக் சொட்டு விழுந்துவிட்டது. வெள்ளையாக ஒரு பொடி கிளம்பியது. "வெள்ளையா பொங்குதுல்லா, வெள்ளிதான் அண்ணே" என்று சொல்லி, கிணற்றுத் தண்ணீரில் கழுவிக் கொடுத்தார்கள். இங்கேதான் தப்பு. வெள்ளி நைட்ரிக்கில் தெளிவாகக் கரையும். உப்பு சேர்ந்தால்தான் தயிர் மாதிரி திரியும். வெள்ளீயமோ அடர்ந்த நைட்ரிக்கில் உப்பே இல்லாமல் வெள்ளைப் பொடியாகும். கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருக்கும் என்பதால், கழுவிய பிறகு எது எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. ஆசிட் அரித்த குழியில் மிச்சமிருந்த பொடியை வெயிலில் வைத்ததுதான் உதவியது. வெள்ளி உப்போடு சேர்ந்து உண்டான வெள்ளிக் குளோரைடு என்றால் கொஞ்ச நேரத்தில் ஊதா கலந்த சாம்பலாகக் கறுக்கும். இது சாயங்காலம் வரை வெள்ளையாகவே கிடந்தது.

அடுத்த வீண் அலைச்சல், நாகர்கோவிலில் எக்ஸ்ரேயால் தங்கத்தின் காரட் பார்க்கிற மிஷின். சீட்டில் செம்பு, துத்தநாகம், கூடவே கொஞ்சம் வெள்ளி. கூட்டினால் சரியாக 100. அந்த 100-ஐ நம்பக்கூடாது. மிஷினின் பட்டியலில் இல்லாத உலோகம் சீட்டில் வராது, இருப்பவற்றையே நூறாக்கிவிடும். உலோகத்தை மிஷின் அடையாளம் காண்பது அதன் எக்ஸ்ரே கோட்டின் ஆற்றலை வைத்து. வெள்ளீயத்தின் கோடு 25.3 கேஇவி (ஆற்றல் அலகு), வெள்ளியின் இரண்டாவது கோடு 24.9. இவ்வளவு நெருக்கத்தில் ஒன்றை மற்றதாக எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. 'பட்டியலில் டின், அதாவது வெள்ளீயம், இருக்கா?' என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். கவுண்டரில் இருந்தவர் அந்தக் கேள்விக்கு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கடைசியில் சந்தேகத்தைத் தீர்த்தது 0.01 கிராம் தராசும் ஒரு தம்ளர் தண்ணீரும். தம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடியில் தொடாமல் முக்குங்கள். காட்டும் எண்தான் கன அளவு, மில்லிலிட்டரில். 5 கிராம் காசு செம்பு என்றால் 0.56, வெள்ளி என்றால் 0.48 அருகில். எழுத்துக் குழிகளில் குமிழி ஒட்டினால் கணக்கு கெடும். தண்ணீரில் ஒரு துளி சோப்பு போதும். மூன்று தடவை பார்த்து, எடையைக் கன அளவால் வகுத்ததில் அடர்த்தி 8.8-ஐ ஒட்டியே வந்தது, செம்புக்குப் பக்கம், வெள்ளிக்குத் தூரம். உள்ளே செம்பு, மேலே தோல் மட்டும் வேறு.

அந்தத் தோல், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயம், அதாவது வெள்ளீயம். 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் சங்கின் சுழிகளில் உருகித் தேங்கி நின்றது தெரிகிறது. வெட்டவெளியான இடத்தில் ஒரே திசையில் இழுத்த கோடுகள். நவச்சாரம் தூவிச் சூடேற்றி, பஞ்சால் துடைத்த கைதான் இப்படி இழுக்கும். கடல்காற்று படும் வீட்டில் இத்தனை வருஷம் கறுக்காமல் கிடந்ததையே முதலில் கவனித்திருக்கலாம். வெள்ளி என்றால் மூலைகளாவது கறுத்திருக்கும்.

பளபளப்பு புதிதாகவும் விரலில் சாம்பல் ஒட்டுவதாகவும் இருந்தால் அது பாதரசமாக இருக்கலாம். அதைச் சூடாக்கவே கூடாது, ஆவி விஷம்.

ஈயத்தைச் சுரண்டி எடுக்க நினைக்காதீர்கள். செம்போடு கலந்து இறுகிய சாம்பல் அடுக்கு அடியில் நின்றுவிடும், பழைய செம்பு நிறம் திரும்பாது. புளி, பிராசோ எதுவும் வேண்டாம். ஆசிட் பட்ட குழிக்காகக் காசைப் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு நாள் ஊறவிட்டு, தண்ணீரைக் காலை மாலை மாற்றி, நன்றாக உலர்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் அந்த இடத்தில்தான் முதலில் பச்சைப் பொடி பூக்கும்.