தொப்பி தூக்கிய இரண்டு பேர்

முப்பது வருடம் டிராயிங் மாஸ்டராக இருந்தவனுக்கு ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருப்பதில்லை. பழைய கார்ட்டூன்களைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறேன். போன வாரம் எடுத்தது டேவிட் லோவின் 'சந்திப்பு'. 1939 செப்டம்பர் 20 அன்று லண்டனின் ஈவினிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகையில் வந்த படம்.

ஹிட்லரும் ஸ்டாலினும் தொப்பியைத் தூக்கி, இடுப்பை வளைத்து வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். "உலகத்தின் கசடு தாங்கள்தானே?" என்று ஹிட்லர் கேட்க, "தொழிலாளர்களைக் கொன்ற பாதகர் தாங்கள்தானோ?" என்கிறார் ஸ்டாலின். இருவருக்கும் நடுவே ஒரு பிணம். ஆகஸ்ட் 23-ல் இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று தாக்குவதில்லை என்று ஒப்பந்தம் போட்டன. செப்டம்பர் 1-ல் ஜெர்மனி மேற்கிலிருந்து போலந்துக்குள் நுழைந்தது, 17-ல் சோவியத் படை கிழக்கிலிருந்து. மூன்றாம் நாள் படம் வந்துவிட்டது. அந்த 'தாங்கள்' தமிழில் எவ்வளவு அழகாக உட்காருகிறது, பாருங்கள்!

முகங்கள் சுலபம், மீசையைப் போட்டால் ஆள் வந்துவிடும். கஷ்டம் முதுகில்தான். வளைவு கொஞ்சம் கூடினால் அடிமைக் கும்பிடு, குறைந்தால் முறைப்பு. நாலு தாளைக் கிழித்தேன். ராஜதந்திரம் முழுக்க அந்த முதுகில்தான் இருக்கிறது.

லோ நியூசிலாந்துக்காரர். 1937-ல் பிரிட்டிஷ் அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபு ஜெர்மனிக்குப் போனபோது, லோவின் படங்களைப் பற்றி அங்கே புகார். திரும்பி வந்தவர் கொஞ்சம் அடக்கி வரையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். லோவும் சரி என்று, ஹிட்லரையும் முசோலினியையும் குழைத்து ஒரே ஆளாக்கி, 'மஸ்லர்' என்று பெயர் வைத்தார். வாய்ப்பூட்டு போடுகிறவன் என்று பொருள். குறும்பு! 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் பழைய ஹிட்லர் படத்துக்கே திரும்பிவிட்டார்.

ஆனால் படம் பார்த்து ஜனம் மாறிவிட்டதா என்றால், இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் மியூனிக்கிலிருந்து ஹிட்லர் கையெழுத்திட்ட சமாதானக் காகிதத்தோடு வந்து இறங்கியபோது கூட்டம் ஆரவாரித்தது. முந்தைய போரில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் எத்தனையோ. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

லோவும் ஜனத்தின் பேச்சைக் கவனித்துக் கேட்டவர்தான். துருக்கிக் குளியல் அறையில் காதில் விழுந்த பேச்சிலிருந்து 1934-ல் பிறந்தவர் அவருடைய கார்ட்டூன் பாத்திரம் கர்னல் பிளிம்ப். பெரிய மீசை, துண்டு கட்டிய தொப்பை, ஒரே வாக்கியத்தில் தன்னையே மறுக்கும் அறிவுரை. எங்கள் டீக்கடை பெஞ்சில் இப்படி நாலு பேர் உண்டு. மீசை மட்டும் கொஞ்சம் சிறிது.

வரைந்த படத்தை அங்கேதான் கொண்டுபோனேன். ஹிட்லரை எல்லோருக்கும் தெரிந்தது. ஸ்டாலினை இரண்டு பேர் சொன்னார்கள். உடனே உக்ரைன், ரஷ்யா என்று சண்டை தொடங்கிவிட்டது. டீ மாஸ்டர் மட்டும் கேட்டார்: "கீழே கிடக்கறது யாரு சார்?"

"போலந்து."

"ஆளு பேரா?"

"நாடு."

டீயை ஆற்றிக்கொண்டே இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார்.