ஒன்பதரை மணி ஜாக்கெட்

அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் தங்கும் இல்லம் ஒன்றில் சில வருடங்கள் உதவியாளராக இருந்தேன். வெள்ளிக்கிழமை இரவுகளில் இரண்டு பேரை நடன அரங்குக்கு அழைத்துப் போவதும் என் வேலை. ஷிப்ட் பத்து மணிக்கு முடியும் என்பதால் ஒன்பதரைக்கே கிளம்பிவிடுவோம். இசைக்குழு மேடையேறுவதே ஒன்பது மணிக்கு மேல்தான்.

அந்த இருவரில் ஒருவருக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். பேச்சு குறைவு. ஆட ஆரம்பித்தால் ஆளே வேறு. தோளை மட்டும் குலுக்கி, ஒரு தாளம்கூடத் தப்பாமல் ஆடுவார். ஒரு நாள் மணி பார்க்கக் கையைத் திருப்பினேன். நான் வாயே திறக்கவில்லை. பாதிப் பாட்டில் நின்றவர், நாற்காலியில் கிடந்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். ஆடும்போதெல்லாம் ஒரு கண் என் கடிகாரத்தின் மேலேயே இருந்திருக்கிறது.

அன்றிரவு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவருக்கா தூக்கம் வந்தது? எங்கள் ஷிப்ட் அட்டவணைக்குத்தான் வந்தது.

இது எங்கள் இல்லத்துக் கதை மட்டுமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஹெவி லோட் என்று ஒரு பங்க் இசைக்குழு இருந்தது. குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து வாசித்த குழு. ரசிகர்கள் ஒன்பது மணிக்கே எழுந்து போவதை மேடையிலிருந்தே பார்த்திருக்கிறார்கள். காரணம் அதே பத்து மணி ஷிப்ட். அதிலிருந்து பிறந்ததுதான் 'ஸ்டே அப் லேட்' (ராத்திரி நேரம் கழித்தும் விழித்திரு) இயக்கம். 'கிக் படீஸ்' (கச்சேரித் தோழர்கள்) திட்டமும் அவர்களுடையதே: குறைபாடு உள்ள ஒருவரை, அதே ரசனை உள்ள தன்னார்வலர் ஒருவரோடு ஜோடி சேர்த்துவிடுவார்கள். கூட வருபவர் சம்பளத்துக்காக அல்ல, பாட்டுக்காக வருகிறார். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

மேலாளரிடம் போனேன். 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு, கலையும் பொழுதுபோக்கும் அவர்களின் உரிமை என்கிறது என்றேன். "உரிமை சரி, ராத்திரி மாத்திரையை யார் கொடுப்பது?" என்றார். நியாயமான கேள்விதான். வலிப்புக்கான மாத்திரை, நேரம் தவறக் கூடாது. மருத்துவரிடம் கேட்டு, வழக்கமான நேரத்திலேயே அரங்கில் வைத்துக் கொடுப்பது என்று முடிவானது. வலிப்பைத் தூண்டக்கூடிய, விட்டுவிட்டு மின்னும் விளக்கு உண்டா என்று அரங்குக்கு முன்கூட்டியே போன் செய்தோம். திரும்பி வர டாக்ஸி சொல்லி வைத்தோம். ஆபத்து மதிப்பீட்டுப் படிவத்தில் என்னவெல்லாம் கெட்டது நடக்கலாம் என்பதற்குக் கட்டம் கட்டமாக இடம் இருந்தது. போகாமல் இருந்தால் எதை இழப்பார் என்று எழுத ஒரு வரி இல்லை. ஓரத்தில் நானே எழுதி வைத்தேன்.

கடைசியில் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் ஷிப்ட் இரவு ஒரு மணி வரை நீண்டது. முதல் நாள், கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ஒன்பதரைக்கு வழக்கம்போல் என் கையைப் பார்த்தார். வெறும் மணிக்கட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் நம்பாமல் பார்த்தார். அப்புறம் திரும்பிப் போய் ஆட ஆரம்பித்துவிட்டார்.

பதினொன்றரை இருக்கும், அவரே வந்தார். "கால் வலிக்குது. போலாம்."

எனக்குப் பத்து மணியிலிருந்தே கொட்டாவி.