2,76,000 ரூபாய்

ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் ஜூன் பிறந்தால் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். ‘மேடம், போன வருஷ வருமானச் சான்றிதழ் இன்னும் செல்லுமா?’ ‘மேடம், பேங்க்ல ஆதார் லிங்க் ஆகலைங்கறாங்க, பணம் திரும்பிப் போயிடுமா?’ சேலத்தில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் இருபத்தேழு வருடம் ஸ்காலர்ஷிப் செக்‌ஷனில் உட்கார்ந்தவளுக்கு வேறு என்ன போன் வரும்?

போன ஞாயிறு இரவு வந்தது அண்ணன் மகளிடமிருந்து. அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் நிதியுதவி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ‘நீங்க பாத்த அதே வேலைதான் அத்தை’ என்பாள். சம்பளம் மட்டும்தான் வேறு என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அங்கே உதவி கேட்கிற பிள்ளைகள் ஃபாஃப்சா என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் எடுத்துக்கொள்வது இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமான வரிக் கணக்கு. 2025-26 படிப்புக்கு 2023-ஆம் வருடத்து வருமானம். இடையில் அப்பாவுக்கு வேலை போயிருக்கலாம், அம்மா இறந்திருக்கலாம், ஆஸ்பத்திரி செலவு வீட்டையே விழுங்கியிருக்கலாம். படிவத்துக்கு அது தெரியாது. அப்போது மாணவர் நேராகக் கல்லூரியிடம் முறையிடலாம். என் அண்ணன் மகள் மாதிரி ஒருத்தி காகிதங்களைப் பார்த்து, அந்த வருமான எண்ணையே மாற்றி மறுபடி கணக்குப் போடலாம். ‘புரொஃபெஷனல் ஜட்ஜ்மென்ட்’ என்று சட்டத்திலேயே பெயர் இருக்கிறதாம்.

‘நீயா எண்ணை மாத்திடலாமா?’ என்று கேட்டேன். என் குரலில் பொறாமை இருந்தது, மறைக்கவில்லை.

‘ஃபார்முலாவத் தொட முடியாது அத்தை. அதுக்குள்ள போற எண்ணைத்தான் மாத்தலாம். மொத்தமா ஒரு கூட்டத்துக்கு மாத்த முடியாது, ஒவ்வொரு கேஸாதான் பாக்கணும். ஏன் மாத்தினேன்னு ஃபைல்ல எழுதி வைக்கணும். நாங்க சொல்றதுதான் முடிவு, அதுக்கு மேல மத்திய கல்வித் துறைகிட்ட அப்பீல் கிடையாது.’

போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2018-இல் வந்த ஒரு பெண்ணின் ஃபைல்தான் கண்ணுக்குள் நின்றது.

முதல் வருடம் படிக்க வந்த பெண். அப்பா ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர், மாதம் 23,000 ரூபாய் சம்பளம். வருடத்துக்கு 2,76,000. ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோர் வருமான வரம்பு 2,50,000. இருபத்தாறாயிரம் ரூபாய் தாண்டியதால் அவள் விண்ணப்பிக்கவே இல்லை. அப்பா சம்பளத்தில் சமாளித்துவிடலாம் என்றுதான் சேர்ந்தாள். அக்டோபரில் கொண்டலாம்பட்டி பைபாஸில் அவருடைய டூவீலரை ஒரு லாரி அடித்துவிட்டது.

நவம்பரில் அம்மாவும் பெண்ணும் என் மேஜைக்கு எதிரே நின்றார்கள். அந்த அம்மாவின் விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையிலிருந்து கொலுசும் சலங்கையும் வாங்கி வந்து வீட்டில் உட்கார்ந்து கோர்க்கிற வேலை, எடைக்குக் கூலி. மஞ்சள் பையிலிருந்து எடுத்து வைத்த வருமானச் சான்றிதழ் ஜூலையில் வாங்கியது. 2,76,000 என்று கணினியில் அச்சடித்து, தாசில்தாரின் டிஜிட்டல் கையெழுத்தோடு, தெளிவாக. சம்பாதித்தவர் இல்லை. சம்பாதித்த தொகை மட்டும் அடுத்த ஜூலை வரை செல்லுபடியாகும்.

புதிதாக ஒன்று வாங்கச் சொன்னேன். இ-சேவை மையத்தில் அறுபது ரூபாய் கட்டிப் பதிவு செய்தார்கள். ஏற்கெனவே செல்லுபடியாகிற சான்றிதழ் இருக்கிறதே என்று மனு திரும்பியது. அடுத்த முறை ஸ்மார்ட் கார்டில் குடும்பத் தலைவராக இறந்தவர் பெயரே இருக்கிறது என்று திரும்பியது. அதை நீக்க இறப்புச் சான்று வேண்டும். விபத்து கேஸ் என்பதால் பிரேதப் பரிசோதனை அறிக்கை, போலீஸ் காகிதம் என்று எல்லாம் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வந்தது. மூன்றாவது முறை நானே கல்லூரி லெட்டர்ஹெட்டில் நடந்ததை நடந்தபடி ஒரு பக்கம் எழுதி, முதல்வரிடம் கையெழுத்து வாங்கி, இந்தத் தேதியோடு சம்பளம் நின்றது என்று மில் கொடுத்த கடிதத்தையும் சேர்த்து, கூடவே போய் வி.ஏ.ஓ. முன்னால் நின்றேன். அதற்கு எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. போனேன், அவ்வளவுதான். ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர், தெருவுக்கு வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்தார். சான்றிதழ் 60,000 ரூபாய் என்று வந்தது. அதற்குள் அந்த வருடத்துக்கான கடைசித் தேதி போய்விட்டது. முதல் வருட ஃபீஸை ஏழு தவணையில் கட்டினார்கள். உதவித்தொகை இரண்டாம் வருடத்திலிருந்துதான் கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேடிக்கை என்றுதான் சொல்ல வேண்டும், வேறு வார்த்தை இல்லை. கூலி வேலை செய்கிறவர்கள் வீட்டுச் சான்றிதழ்களை வருடக் கணக்கில் அடுக்கி வைத்தவள் நான். அதில் மாறி மாறி வருகிற எண்கள் மூன்றுதான்: 72,000, 84,000, 96,000. மாதம் ஆறாயிரம், ஏழாயிரம், எட்டாயிரம். தறி ஓட்டுகிறவரானாலும் சரி, கட்டட வேலைக்குப் போகிறவரானாலும் சரி, சித்தாளானாலும் சரி, இதில் ஒன்றுதான். ‘எதுக்குங்க சர்டிபிகேட்? பிள்ளை படிப்புக்கா?’ என்று கேட்டுவிட்டு எழுதுகிற எண் அது. சட்டத்தில் இல்லாத இரக்கம் பேனா வழியாக இறங்கிவிடுகிறது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரக்கம் வருமானத்தை அளக்க முடியாதவர்களுக்கு மட்டும்தான். பேஸ்லிப் இருக்கிற மில் தொழிலாளி வீட்டில் இடி விழுந்தால் பேனா நின்றுவிடுகிறது, ஏனென்றால் அங்கே நிஜமான எண் ஒன்று ஏற்கெனவே காகிதத்தில் இருக்கிறது.

அண்ணன் மகளுக்கு இருக்கிற அதிகாரத்தை இங்கே கல்லூரிகளிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் யோசித்துப் பார்த்தேன். நிர்வாகத்தாருக்கு வேண்டப்பட்டவர்களின் பிள்ளைகள்தான் முதலில் ‘இக்கட்டான சூழ்நிலை’க்கு ஆளாவார்கள். எனக்குத் தெரியாதா!

என் கையும் சுத்தமில்லை. அது கணினிக்கு முந்தைய காலம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான், மலையாளி பழங்குடி வகுப்பு. பெற்றோர் காப்பி எஸ்டேட்டில் கூலி. பழங்குடியினர் சாதிச் சான்றிதழை ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அவன் கையில் இருந்தது அவன் அப்பாவுக்குத் தாசில்தார் எப்போதோ கொடுத்த பழைய சான்று. விசாரணை இழுத்தது. ஒவ்வொரு முறையும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, கலெக்டர் ஆபீஸ் பக்கம் போய் நின்றுவிட்டு, மாலைக்குள் கல்லூரிக்கும் வருவான். சான்றிதழோடு அவன் வந்த நாளில் கடைசித் தேதி முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. முடிந்துவிட்டது தம்பி என்றேன். லிஸ்ட் இன்னும் என் மேஜை டிராயரில்தான் இருந்தது, மறுநாள்தான் அனுப்பினோம். ஒரு வரி சேர்த்திருக்கலாம். சூபரின்டெண்ட் கேள்வி கேட்பாரே என்ற பயம். அடுத்த டேர்மில் அட்மிஷன் ரெஜிஸ்டரில் அவன் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் ‘நின்றுவிட்டார்’ என்று எழுதியதும் நான்தான். என் கையெழுத்து அப்போது ரொம்ப அழகாக இருக்கும்.

புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தபோது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். மாதம் ஆயிரம் ரூபாய்தான். ஆனால் அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, வருமான வரம்பு இல்லை என்பது. அப்போது, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தாயா, கல்லூரிக்கு வந்தாயா, அவ்வளவுதான் கேள்வி. யாரும் தெருவில் வந்து விசாரிப்பதில்லை. 2024-இல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்ததும் வருமான வரம்பு இல்லாமல்தான்.

சரி, இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் எங்கள் கீழ் வீட்டில் குடியிருக்கிற அம்மா. பெண் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கணவர் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், ஆறு வருடமாகப் பணமும் இல்லை, பேச்சும் இல்லை. ஸ்மார்ட் கார்டில் பெயர் மட்டும் இருக்கிறது. பெற்றோர் கைவிட்டதை அமெரிக்காவில் தனி வகையாகவே பார்ப்பார்கள், ஆனால் பெற்றோர் பணம் தர மறுக்கிறார்கள் என்பது மட்டும் போதாது என்று அண்ணன் மகள் சொல்லியிருந்தாள். இங்கேயும் வழி இருக்கிறது: கணவனால் கைவிடப்பட்ட பெண் என்று வருவாய்த் துறை சான்று தருகிறது. அதையும் வாங்கி, தாயின் வருமானத்தை மட்டும் வைத்து மனு போடலாம் என்று சொல்லி, நேற்று மாலை மொட்டை மாடியில் உட்கார்ந்து நானே எழுத ஆரம்பித்தேன்.

பெயர், வயது, முகவரி எல்லாம் எழுதினேன். ‘கணவர் விவரம்’ என்ற இடத்துக்கு வந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

‘வெளியூர்ல வேலைன்னு போட்டுக்கலாங்களா மேடம்? வி.ஏ.ஓ. ஆபீஸ்ல இருக்கற தலையாரி எங்க ஊருக்காரருங்க.’

அப்படிப் போட்டால் கணவர் சம்பளத்தையும் கேட்பார்கள் என்றேன். தெரியும் என்பது போலத் தலையை ஆட்டினார். அந்த இடத்தை மட்டும் எழுதாமல் விட்டு, தாளை மடித்து அவரிடமே கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.