தரையோடு தரையாக ஒரு கேமரா: ஆர்மடில்லோ படம் பிடித்த அனுபவம்

இந்த வருட ட்ரெயில் கேமரா (அசைவு தெரிந்தால் தானே படம் எடுக்கும் கேமரா) வேலை முழுக்க, முதுகில் ஓடு போர்த்த சின்ன விலங்கான ஆர்மடில்லோவுக்கே போய்விட்டது. நாங்கள் இருப்பது அமெரிக்காவின் நார்த் கரோலினா மாநிலத்தின் மேற்கு மலைப் பகுதி. இந்த மாநிலத்தில் முதல் உறுதியான பதிவே 2007இல்தான், மேக்கன் கவுண்டியில். 1850 வாக்கில் மெக்சிகோ எல்லையிலுள்ள ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டி டெக்சாஸுக்குள் வந்த கூட்டம் கிழக்கே நகர்ந்தது. ஃபுளோரிடாவில் மனிதர்கள் வைத்திருந்து தப்பியவை தனியாகப் பெருகி வடக்கே கிளம்பின. இப்போது எங்கள் மலையிலும் ஏறிவிட்டன. மாநில வனவிலங்கு ஆணையம் பார்த்தவர்களிடம் படம், தேதி, நேரம், சரியான இடம் எல்லாம் கேட்கிறது. அனுப்பும் அளவுக்குத் தெளிவான ஒரு படம், அதுதான் என் இலக்கு.

புல்வெளியில் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்ததும் ஆரம்பித்தேன். ரக்கூன் தோண்டினால் புல்லைப் பாய் போலப் புரட்டிப் போடும். இது அப்படியில்லை. மூக்கை நுழைத்துத் தோண்டிய, கூம்பு வடிவக் குழி. சில அங்குல ஆழம். மண்ணுக்குள் இருக்கும் வண்டுப் புழுக்களுக்காகத்தான் இவ்வளவும். மழைக்குப் பிறகு ஈர மண்ணில் கால்தடமும் கிடைத்தது: முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து, நடுவே வால் இழுத்த கோடு.

கேமரா அதுவரை மானுக்காக இடுப்பு உயரத்தில் மரத்தில் கட்டியிருந்தது. அந்த உயரத்தில் ஆர்மடில்லோவின் முதுகு மட்டும் ஓர் ஓரமாக விழுந்தது. ஒரு கட்டையை நட்டு, தரையிலிருந்து ஒரு அடிக்கு இறக்கினேன். இப்போது வேறு பிரச்சினை. கிட்டத்தில் வந்தால் அகச்சிவப்பு வெளிச்சம் ஓட்டில் பட்டு, படம் முழுக்க வெள்ளை. எல்.இ.டி. விளக்குகளில் பாதிக்கு மேல் டேப் ஒட்டி மறைத்த பிறகு சரியானது. முன்னால் இருக்கும் புல்லையும் ஒட்ட வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் காற்றுக்கு ஆடும் புல்லே மெமரி கார்டை நிரப்பிவிடும்.

அப்புறம், தீனி வைத்து வரவழைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். மண்ணைக் கிளறி உயிருள்ள பூச்சிகளைத் தேடித் தின்னும் பிராணிக்கு, தட்டில் வைத்த பழத்தில் ஆர்வம் குறைவு. கண்பார்வையும் மோசம். ஆனால் வேலி, சுவர் என்று எதையாவது ஒட்டியே நடக்கும் பழக்கம் அதற்கு உண்டு. கூண்டு வைத்துப் பிடிப்பவர்கள் வாசலின் இருபுறமும் பலகைகளை வி வடிவில் சாய்த்து வைப்பது இதனால்தான். கூண்டு இல்லாமல் அதே பலகைகளை வேலியோரம் வைத்துப் பார்த்தேன். பலகையை உரசிக்கொண்டே வந்து கேமராவின் முன்னால் பக்கவாட்டில் நின்றது. முதுகுப் பட்டைகளை எண்ணினேன், எட்டு. ஒன்பது பட்டை ஆர்மடில்லோ என்று பெயர் இருந்தாலும் 7 முதல் 11 வரை இருக்கலாம்.

படத்தைக் காட்டியதும் பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டடி பின்னால் போனார். "இதைத் தொட்டால் தொழுநோய் வருமாமே?" பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அமெரிக்கத் தென்பகுதியில் ஆர்மடில்லோக்களிடமும் நோயாளிகள் பலரிடமும் இருப்பது ஒரே வகைக் கிருமி என்று 2011இல் மரபணு ஆய்வு காட்டியது. ஆர்மடில்லோவின் உடல் வெப்பம் நம்முடையதைவிடக் குறைவு; அந்தக் குளிர்ச்சி கிருமிக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 95 சதவீத மனிதர்களுக்கு இந்த நோய் தொற்றுவதே இல்லை, வந்தாலும் மருந்தில் குணமாகும். கையால் பிடிக்காதீர்கள், கறிக்காக வெட்டாதீர்கள், சாலையில் அடிபட்டுக் கிடப்பதை வெறுங்கையால் தூக்காதீர்கள். அவ்வளவுதான். மனிதர்களிடமிருந்துதான் இந்த நோய் முதலில் ஆர்மடில்லோவுக்குப் போனது என்று ஆய்வாளர்கள் சொல்வதையும் அவரிடம் சொன்னேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சாலையில் இத்தனை அடிபடுவதற்கும் காரணம் உண்டு. திடுக்கிட்டால் நேராக மேலே மூன்று, நான்கு அடி குதிக்கும். சும்மா இருந்தால் தலைக்கு மேலே போயிருக்கும் கார், குதித்ததால் மோதிவிடுகிறது.

இன்னொரு வீட்டில் ஆர்மடில்லோவை விரட்ட அந்துருண்டை வாங்கி வளை முழுக்கப் போட்டார்கள். என் கருத்தில் வீண் செலவு. அதனால் போகாது, மண்தான் கெடும். வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டி வளை இருந்தால் மண்ணுக்குள் இறங்கும் கம்பி வேலி போடுவது நியாயம். புல்வெளிக் குழிகளைக் காலால் மிதித்து மூடிவிட்டாலே போதும்.

குளிர்காலம் வந்ததும் படங்களின் நேரம் மாறியது. கோடையில் நள்ளிரவைச் சுற்றியே இருந்தவை, இப்போது வெயில் அடிக்கும் பிற்பகலில் விழுகின்றன. உடம்பில் கொழுப்பும் குறைவு, குளிர்கால உறக்கமும் கிடையாது என்பதால் வெளியே வந்து தின்றே தீர வேண்டும். தரை நாள்கணக்கில் உறைந்து கிடந்தால் புழு கிடைக்காது, பட்டினிதான். இவை வடக்கே போவதற்கு இருக்கும் பெரிய தடையே அதுதான்.

ஓடைக்கரையில் ஒரு வளை கண்டுபிடித்திருக்கிறேன். வளையின் வாசலில் காய்ந்த இலைகளை லேசாக அடைத்து வைத்தேன். மறுநாள் இலைகள் வெளியே தள்ளப்பட்டிருந்தன. எனவே ஆள் உள்ளே இருக்கிறது. வசந்தத்தில் பெண் ஈன்றால் ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த நான்கு குட்டிகள் இருக்கும், நான்கும் ஒரே பால். அவை சேர்ந்து ஒரு படத்தில் விழுந்தால், இங்கே வழிதவறி வந்த ஒற்றை ஆள் இல்லை, குடும்பம் நடக்கிறது என்பதற்கு ஆதாரம். மார்ச்சுக்குள் கேமராவை வளை வாசலுக்கு மாற்றி, வீடியோவை 30 விநாடிக்குக் கூட்டி வைக்கப் போகிறேன்.