பள்ளத்தூர் அடுப்படியில் பிள்ளைகளோடு

மே 4

இன்று அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. காலை பத்து மணிக்கே முற்றத்துக் கல்லில் கால் வைக்க முடியவில்லை. பிள்ளைகளை வெளியே விளையாட விட வழியே இல்லை. இப்போது வீட்டில் மூன்று பேர்: என் மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நாலு, அண்ணன் மகளுக்கு அஞ்சு. என் அம்மாவை இருவர் ஆயா என்பார்கள், ஒருத்தி அப்பத்தா என்பாள். பதினொரு மணி ஆனால் மூன்று பேரும் ஒரே குரலில் "என்ன இருக்கு திங்க?"

இந்த மாதம் பலகாரம் எல்லாம் வீட்டிலேயே, அதுவும் பிள்ளைகள் கைபட்டே செய்வது என்று அம்மாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். ஓரமாக உட்கார வைத்து விளையாட ஒரு உருண்டை மாவு கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிள்ளை உருட்டியதைப் பெரியவர்கள் எடுத்துச் சாப்பிட வேண்டும். அப்போதுதான் அது வேலை என்று அதற்குப் புரியும். நம் செட்டிநாட்டுப் பலகாரங்களில் சின்னக் கைக்கு ஏற்ற வேலை நிறையவே இருக்கிறது.

மே 5

மாவுருண்டையில் ஆரம்பித்தோம். ஒரு டம்ளர் பாசிப்பருப்பைச் சிவக்க வறுத்து, ஆறியதும் நைசாகத் திரித்துக்கொண்டோம். பொடித்த சர்க்கரையும் ஒரு டம்ளர்தான். ஏலக்காய், அரை டம்ளருக்குக் குறையாமல் நெய், கொஞ்சம் முந்திரி.

மாவு சலிக்கும் வேலை மகனுக்கு. வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் செய்தித்தாளை விரித்து, சல்லடையின் பக்கத்தில் தட்டித் தட்டிச் சலித்தான். கப்பி நின்றால் மறுபடி மிக்சிக்குப் போக வேண்டும் என்று சொன்னதும், கப்பியை விரலால் தேய்த்துப் பார்த்து அவனே எடுத்துக் கொடுத்தான்.

நெய் ஆறிவிட்டால் உருண்டை பிடிபடாது, உதிர்ந்துபோகும். சூடாக இருந்தால் பிள்ளைகள் தொட முடியாது. அம்மா இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். நெய்யை மொத்தமாகக் கொட்டாமல், தாம்பாளத்தில் மாவை ஒரு பக்கம் கொஞ்சமாக ஒதுக்கி, அதில் மட்டும் ஒரு கரண்டி நெய்யை ஊற்றுவார். கரண்டியால் கலந்து, தன் உள்ளங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகள் பக்கம் தள்ளுவார். "நல்லா அழுத்து ஆத்தா, பயப்படாதே." ஒவ்வொரு தடவையும் மூன்று, நாலு உருண்டைக்குத்தான் வரும். அதனால் யாரும் காத்திருந்து சலித்துப் போகவில்லை.

முந்திரியை நெய்யில் வறுத்துப் பொடியாக நறுக்கித்தான் சேர்த்தோம். அஞ்சு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு முழு முந்திரியோ முழு நிலக்கடலையோ கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனும் வேண்டாம், துளிகூட. வீட்டுக்கு வருகிறவர்கள் ஆசையாகத் தொட்டு வைக்க வந்தாலும் நான் தடுத்துவிடுவேன்.

மே 7

நுங்கு வந்தது. சீவிக் கொடுத்ததைக் கட்டை விரலால் நோண்டித் தின்றார்கள். மிச்சத்தைத் தோல் உரித்துப் பொடியாக நறுக்கி, நன்னாரி சர்பத்தில் போட்டு, எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன். நுங்கு உரிப்பது நாலு வயதுப் பிள்ளைக்கு அருமையான வேலை. கத்தி வேண்டாம், நகம் போதும்.

சாயங்காலம் அண்ணன் நுங்கு எடுத்த வெறும் காய்களைத் தூக்கிப் போட விடவில்லை. ஒரே அளவாக இரண்டைத் தேர்ந்தெடுத்து, நடுவில் ஒரு குச்சியைச் செருகி, கவட்டைக் கம்பு வைத்துத் தள்ளும் நுங்கு வண்டி செய்து கொடுத்தான். "அம்மான், எனக்கு! அம்மான், எனக்கு!" பட்டாசாலைக் கூடம் முழுக்க இருட்டும்வரை வண்டி ஓடியது.

மே 9

வெள்ளைப் பணியாரம். இதற்கு அளவுதான் எல்லாம். பச்சரிசியை டம்ளரில் தலை தட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாக வைக்க வேண்டும். கோபுரத்தில் எவ்வளவு நிற்கிறதோ அதுதான் உளுந்து அளவு. அண்ணன் மகள் உளுந்தைக் கிள்ளிக் கிள்ளி வைத்தாள். சரிந்தால் தட்டில் விழுந்ததைப் பொறுக்கி மறுபடி வைத்தாள். இரண்டு மணி நேரம் ஊறியதும் வெண்ணெயாக அரைத்து, உப்பும் துளி சர்க்கரையும் பாலும் சேர்த்து, புளிக்க விடாமல் உடனே ஊற்றினோம்.

எண்ணெய் வேலை பெரியவர்களுக்கு மட்டும். அடுப்படி வாசலில் கோலமாவால் ஒரு கோடு போட்டிருக்கிறேன், எண்ணெய் காயும்போது யாரும் தாண்டக் கூடாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பணியாரமும் அடியிலிருந்து எழும்பி வரும்போது கை தட்டினார்கள்.

மே 12

சீப்புச்சீடை. பிள்ளைகளோடு செய்ய இதைவிடப் பொருத்தமான பலகாரம் நம் பக்கத்தில் இல்லை என்பேன்.

நாலு பங்கு பச்சரிசி மாவுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வறுத்துத் திரித்த உளுந்து மாவு. கெட்டித் தேங்காய்ப் பாலை உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து மாவில் ஊற்றி, வெண்ணெய் சேர்த்துப் பிசைய வேண்டும். ஈரத்துணி போட்டு மூடி வைக்காவிட்டால் மாவு காய்ந்து விரிசல் விடும். அச்சில் வரி வரியான சீப்பு வில்லையைப் போட்டு, வாழையிலையில் நாடாவாகப் பிழிந்து, இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்கிக்கொண்டோம்.

இனிமேல்தான் பிள்ளைகள் வேலை. ஒரு துண்டை எடுத்து, வரி வெளிப்பக்கம் வரும்படி ஆள்காட்டி விரலில் சுற்றி, இரண்டு முனையும் சேருமிடத்தில் லேசாக அழுத்தி, வளையம்போல உருவி வைக்க வேண்டும். அழுத்தாமல் விட்டால் எண்ணெயில் பிரிந்துபோகும். மகள் விரலில் சுற்றிய சீடை பட்டாணி நுழையும் அளவுக்குத்தான் இருந்தது. அம்மா அதைப் பெரிய சீடையோடு கலக்கவில்லை. தனித் தட்டில் வைத்துத் தனி ஈடாகப் போட்டார். சின்னது சீக்கிரம் சிவந்துவிடும், சேர்த்துப் போட்டால் பெரியது வேகுமுன் சின்னது கருகும்.

"இது வெடிக்காதா, ஆயா?" என்று மகன் கேட்டான். போன கோகுலாஷ்டமிக்கு உப்புச்சீடை வெடித்த சத்தத்தை அவன் மறக்கவில்லை. உருண்டைச் சீடையில் மேல்பக்கம் முதலில் இறுகிவிடும், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் வெடிக்கும். இதில் நடுவில் ஓட்டை, சுவரும் மெல்லியது, ஆவி அது பாட்டுக்குப் போய்விடும். அவனே ஒரு சீடையைக் கண்ணில் வைத்துப் பார்த்து, "ஆமாம், வழி இருக்கு" என்றான்.

சலசலப்பு அடங்கியதும் எடுத்தோம். ஆறியதும் தூக்குச்சட்டியில் போட்டாகிவிட்டது. சின்னத் தட்டுச் சீடை மட்டும் சட்டிக்குப் போகவே இல்லை. ஐயா முகப்பில் உட்கார்ந்து பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தார்.

மே 13

வேறு ஒன்றும் செய்யவில்லை. சீடையும் மோரும்.

மே 16

நேற்று ராத்திரியே கவுனி அரிசியைக் கழுவி ஊறப் போட்டோம். நம்மவர்கள் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போன காலத்தில் அங்கிருந்து வந்த அரிசி என்று ஐயா பிள்ளைகளுக்குச் சொன்னார். காலையில் தண்ணீர் நாவற்பழ நிறத்தில் இருந்தது.

அதில் மூன்று கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வைத்தேன். ஒன்றை அப்படியே விட்டு, இன்னொன்றில் எலுமிச்சை பிழியச் சொன்னேன். சிவப்பாகத் திரும்பியது. மூன்றாவதில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டதும் நீலமும் பச்சையுமாக மங்கியது. கவுனியின் தோலில் இருக்கும் அந்தோசயனின் என்ற நிறமி புளிப்பில் ஒரு நிறம், சோடாவின் காரத்தில் ஒரு நிறம் காட்டும். மகன் சோடா டம்ளரில் எலுமிச்சையை விட்டு, நுரை பொங்கி மறுபடி சிவப்பதையும் பார்த்துவிட்டான். அரை மணி நேரம் அடுப்படியில் வேறு பேச்சே இல்லை.

மிச்சத் தண்ணீரை ஊற்றியே அரிசியை வேக வைத்தோம், சத்தும் நிறமும் அதில்தானே இருக்கிறது. அரிசி நன்றாகக் குழைந்த பிறகுதான் சர்க்கரை. முன்னால் போட்டால் அப்புறம் எவ்வளவு நேரம் வைத்தாலும் வேகாது, விறைத்துக்கொள்ளும். தேங்காய்ப்பூ, நெய், ஏலக்காய். தேங்காய் துருவினது நான், தூவினது அண்ணன் மகள்.

மே 20

விடியற்காலையிலேயே மாடியில் ஜவ்வரிசி வடகம். ஊறிய ஜவ்வரிசியைக் கண்ணாடியாகும்வரை கிண்டி, பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சை. ஒரு பகுதியைக் காரம் போடாமல் எடுத்து, பீட்ரூட் சாறு கலந்து பிள்ளைகளிடம் கொடுத்தேன். வேட்டியை விரித்து, ஸ்பூனால் அவர்கள் இஷ்டத்துக்கு வைத்தார்கள்: மீன், நிலா, மகனின் பெயர் முதலெழுத்து. வைத்தது பாதி, தின்றது பாதி. வெயில் ஏறுமுன் எல்லோரையும் கீழே இறக்கிவிட்டேன்.

மே 22

வேட்டிக்குப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து வடகத்தை உரித்தோம். மீனுக்கு வால் ஒடிந்தது. பொரித்தபோது வால் தனியாகப் பெரிதாக விரிந்தது, அதற்குத்தான் சண்டை.

மே 25

ஊருக்குக் கிளம்பும் நாள் நெருங்கிவிட்டதால் கும்மாயத்துக்கு மாவு திரித்துக்கொண்டோம். எங்கள் வீட்டு அளவு: உளுந்து 1 கப், பாசிப்பருப்பும் பச்சரிசியும் கால் கப் வீதம். தனித்தனியாக வாசம் வரும்வரை வறுத்துத் திரிக்க வேண்டும். செய்யும்போது 1 கப் மாவை நெய்யில் பிரட்டி, 1 கப் கருப்பட்டியை 3 கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றிக் கட்டி இல்லாமல் கிளற வேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, நெய் ஓரத்தில் பிரிந்து வர வேண்டும், அதுதான் பதம்.

கருப்பட்டியை மகன் தட்டினான். துணியில் சுற்றி அம்மிக் குழவியால் தட்டக் கற்றுக்கொடுத்தது அம்மா. வடிகட்டும்போது அடியில் தங்கிய மணலைப் பார்த்து, ஏன் வடிகட்டச் சொல்கிறோம் என்று அவனே தெரிந்துகொண்டான்.

மாவு டப்பாவின் மேல் அவன் எழுதி ஒட்டியிருக்கிறான்: "மாவு 1, கருப்பட்டி 1, தண்ணீர் 3. கருப்பட்டி தட்டுவது நான்." பள்ளி திறந்ததும் வரும் முதல் சனிக்கிழமை கும்மாயம் என்று இப்போதே சொல்லிவிட்டான். ஊருக்குப் போனதும் முதலில் நெய் வாங்கி வைக்க வேண்டும்.