ஒன்பது மாத அரசை வைத்து இத்தாலி ஒருங்கிணைப்பைப் படித்த விதம்

வரலாற்றை விருப்பப்பாடமாக எடுத்துத் தமிழில் யுபிஎஸ்சி மெயின்ஸ் தேர்வு எழுதுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இத்தாலி ஒருங்கிணைப்பு என்றதும் கனவு கண்ட மாஜினி, ராஜதந்திரி காவூர், தொண்டர் படைத் தலைவர் கரிபால்டி என்று எழுதி, 1861 மார்ச் 17இல் ராஜ்ஜியம் பிறந்தது என்று முடித்துவிடுகிறோம். அப்புறம் வெனிஸ் சேர்ந்தது 1866, ரோம் சேர்ந்தது 1870 என்று இரண்டு வரி. ஆனால் ‘ஒருங்கிணைப்பு எந்த அளவுக்கு முழுமையானது?’ என்று விவாதிக்கச் சொன்னால், அதற்கான சரக்கு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. எனக்கு அதைப் பிடித்துக் கொடுத்தது இத்தாலியப் பிரதமர் உர்பானோ ரத்தாசியின் முதல் அரசு.

1862 மார்ச் 3 முதல் டிசம்பர் 8 வரை, அவ்வளவுதான் அதன் ஆயுள். பிரதமர் காவூர் 1861 ஜூனில் இறந்ததும் அந்தப் பொறுப்பேற்ற ரிக்காசோலிக்கும் அரசர் விக்டர் இம்மானுவேலுக்கும் ஒத்துப்போகவில்லை. ரத்தாசியோ அரசருக்கு வேண்டியவர். வலதுசாரி குவின்தினோ செல்லா நிதி அமைச்சர், இடதுசாரி அகோஸ்தினோ தெப்ரேதிஸ் பொதுப்பணி அமைச்சர் என்று இரு தரப்பையும் சேர்த்து ஆட்சி அமைத்தார். இங்கே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்: 1852இல், ஒருங்கிணைப்புக்குத் தலைமை தாங்கிய வடக்கு ராஜ்ஜியமான பீட்மாண்டின் நாடாளுமன்றத்தில் காவூரும் ரத்தாசியும் கைகோத்தது, 1862இன் இந்தக் கூட்டணி, 1876இல் இதே தெப்ரேதிஸ் பிரதமராகி எதிர்த்தரப்பினரையும் தன் பக்கம் இழுத்துச் சேர்த்துக்கொண்ட அரசியல். இத்தாலிய நாடாளுமன்ற முறையைப் பற்றி ஒரு முழுப் பத்தி கிடைத்துவிடும்.

அடுத்தது தென் இத்தாலியின் ஆஸ்பிரோமோன்டே மலையில் நடந்த மோதல். இதை நிதானமாகப் படியுங்கள். ரோமில் போப்பாண்டவருக்குக் காவலாக பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் படை இருந்தது. “ரோம், இல்லையேல் மரணம்” என்ற முழக்கத்தோடு கரிபால்டி சிசிலியில் தொண்டர்களைத் திரட்டினார். ரத்தாசி உடனே தடுக்கவில்லை. 1860இல் காவூர் செய்ததைப் போல, வென்றால் பலனை எடுத்துக்கொள்ளலாம் என்று அரசு காத்திருந்ததாகவே பலரும் நம்பினார்கள். பாரிஸ், அதாவது பிரெஞ்சு அரசு, நெருக்கியதும் நிலைமை மாறியது. ஆகஸ்ட் தொடக்கத்தில் அரசர் கண்டன அறிக்கை விட்டார். கரிபால்டியோ சிசிலியின் கத்தானியாவிலிருந்து கடலைக் கடந்து எதிர்க்கரையான கலாப்ரியாவில் இறங்கிவிட்டார். ஆகஸ்ட் 29இல் ஆஸ்பிரோமோன்டே மலைக்காட்டில் கர்னல் பல்லவிச்சினியின் அரசுப் படை அவரை எதிர்கொண்டது. சுட வேண்டாம் என்று தன் ஆட்களுக்குக் கரிபால்டி கட்டளையிட்டார். ஆனாலும் துப்பாக்கிகள் வெடித்தன, அவர் கணுக்காலில் குண்டு பாய்ந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் நேப்பிள்ஸை வென்று அரசர் கையில் கொடுத்த மனிதரை, அதே அரசரின் படை சுட்டுக் கைதாக்கியது. படிக்கும்போது எனக்கு மனசு கனத்துப்போன இடம் இது.

அக்டோபரில் கரிபால்டிக்கும் அவர் ஆட்களுக்கும் பொதுமன்னிப்பு வந்தது. குண்டை நவம்பரில்தான் எடுத்தார்கள். அதற்குள் ரத்தாசியை இடதுசாரிகள் துரோகி என்றார்கள், வலதுசாரிகள் கையாலாகாதவர் என்றார்கள். நாடாளுமன்ற விவாதம் சூடேறியதும் வாக்கெடுப்புக்குக் காத்திராமல் விலகினார். அடுத்த பிரதமராக ஃபரீனி வந்தார்.

குறிப்பு எடுக்கும்போது நான் செய்தது இதுதான்: ‘இந்த அரசைக் கவிழ்க்கும் பலம் யாருக்கு இருந்தது?’ என்று தலைப்பிட்டு அரசர், நாடாளுமன்றம், பாரிஸ், கரிபால்டி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு சம்பவத்தை எழுதிக்கொண்டேன். பதில் எழுதும்போது அந்தப் பக்கம் அப்படியே கண்முன் வரும். அரசின் பணிகளையும் ஒரு வரியில் சேருங்கள்: லிராவை நாடு முழுவதற்கும் ஒரே நாணயமாக்கிய சட்டம் 1862 ஆகஸ்டில், இதே அரசின் காலத்தில் வந்தது.

நேரம் இருந்தால் 1867ஐயும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அதே ரத்தாசி மறுபடி பிரதமர், அதே கரிபால்டி மறுபடி ரோமை நோக்கி. ரத்தாசி அக்டோபரில் பதவி இழந்தார், நவம்பர் 3இல் ரோமுக்கு அருகே மென்டானாவில் கரிபால்டி தோற்றார். இரண்டையும் ஒப்பிட்டு ஒரு பதிலாவது எழுதிப் பார்த்துவிடுங்கள்.