புரோமோவுக்கு ஜீப் வேண்டாம், கால் போதும்

முதலில் அந்த வேன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. இந்தோனேசியாவின் ஜாவா தீவில் இருக்கும் சுரபாயாவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்தில் புரோபோலிங்கோ வந்தாயிற்று. அங்கிருந்து புரோமோ எரிமலைக்கு எதிரே இருக்கும் செமோரோ லாவாங் கிராமத்துக்கு மினி வேன்தான். நேரக் கணக்கு கிடையாது, ஆள் நிறைந்தால்தான் எடுப்பார்கள். நானும் தங்கச்சியும் காலை 10 மணிக்கு ஏறி உட்கார்ந்தோம். மதியம் 1 மணிக்கும் ஆறு பேர்தான். அப்புறம் டிரைவர் வந்து, காலி சீட்டுக்கும் நீங்களே கொடுத்தால் இப்போதே கிளம்பலாம் என்றார். ஆளுக்கு 50,000 ரூபியா என்று பேசியது 1,00,000 ஆனது, நம் காசில் 500 ரூபாய்க்கு மேல். கொடுத்துத் தொலைத்தோம். பாதி மலையில் வண்டியை நிறுத்தி வழியில் நின்ற நாலு பேரை ஏற்றிக்கொண்டார் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை. அந்த சீட்டுகளுக்கு நாங்கள் அல்லவா காசு கொடுத்திருந்தோம்! நீங்கள் போனால், முதல் ரயிலிலேயே போய்விடுங்கள். ஸ்டேஷனில் முதுகுப்பையோடு இறங்குகிற நாலு பேரைப் பிடித்துச் சேர்ந்து பேரம் பேசுங்கள்.

அறைக்குப் போனதும் ஜீப் பேச்சு ஆரம்பித்தது. பெனான்ஜாக்கான் மேட்டில் சூரிய உதயம், பிறகு எரிமலை அடிவாரம் என்று எல்லோரும் ஜீப்பில்தான் போகிறார்கள். அவர்கள் கேட்ட தொகை எங்களுக்கு மூன்று நாள் சாப்பாட்டுச் செலவு. வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் வேறு உள்ளூர்க்காரர்களைவிடப் பல மடங்கு, நடந்தாலும் அதிலிருந்து தப்ப முடியாது. சரி, ஜீப்பையாவது விடுவோம் என்று முடிவு செய்தோம். எடுத்த முடிவுகளிலேயே நல்ல முடிவு அதுதான்.

விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பி, வெங்காயமும் முட்டைக்கோஸும் போட்ட தோட்டங்களை ஒட்டி செருனி என்ற இன்னொரு காட்சி மேட்டுப் பக்கம் ஏறினோம். குளிரில் விரல் மடங்கவில்லை, ஸ்வெட்டர் இல்லாமல் வராதீர்கள். கிழக்கு வெளுத்ததும் கீழே 10 கிலோமீட்டர் அகலப் பள்ளம் முழுக்கப் பால் பொங்கியதுபோல மூடுபனி. அதன் நடுவில் வரிவரியாக மடிப்பு விழுந்த பச்சைக் கூம்பு பாதோக். பக்கத்திலேயே புகைந்துகொண்டு புரோமோ. எல்லாவற்றுக்கும் பின்னால் செமேரு, 3,676 மீட்டர், ஜாவாவின் மிக உயரமான மலை. அது அவ்வப்போது ஒரு உருண்டைப் புகையை ஊதிவிட்டுச் சும்மா இருக்கிறது. புரோமோ என்றால் பிரம்மா, செமேரு என்றால் மேரு. இந்த மலையைச் சுற்றியிருக்கும் தெங்கர் மக்கள் இன்றும் இந்துக்கள். ஊரில் இருந்து இவ்வளவு தூரம் வந்து மேருவைக் கண்ணால் பார்த்தபோது தங்கச்சி கையைக் கூப்பிவிட்டாள், எனக்கும் தொண்டை அடைத்தது.

இறங்கி மணல் கடலைக் கடக்க ஒரு மணி நேரம். பெயரே அப்படித்தான், மணல் கடல். கருஞ்சாம்பல் மணல், மாவு மாதிரி நைசாக இருப்பதால் ஷூவுக்குள் புகுந்து சாக்ஸைத் தாண்டி விரலிடுக்கு வரை போய்விடுகிறது. நடுவில் போத்தென் கோயில். காசாதா என்ற தங்கள் திருவிழாவுக்குத் தெங்கர் மக்கள் இங்கே கூடி, காய்கறி, கோழி, ஆடு என்று தங்கள் விளைச்சலை எரிமலை வாய்க்குள் காணிக்கையாகப் போடுகிறார்கள். கோயிலைத் தாண்டி ஏறினால் 250 படிக்கட்டு. மேலே விளிம்பு ஒற்றையடிப் பாதை அளவுதான், சில இடத்தில் கைப்பிடி இல்லை. தீபாவளி அன்று காலை தெருவில் நிற்கும் அந்தக் கந்தக நெடி, அதைப் பத்து மடங்காக்கிக்கொள்ளுங்கள். உள்ளே இருந்து வரும் சத்தத்துக்குத்தான் நான் தயாராக இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு விமானம் அடியில் ஓடிக்கொண்டே இருப்பதுபோல், நிற்காத இரைச்சல். ஜீப் கூட்டம் பத்து நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டது. யாரும் ஹாரன் அடித்துக் கூப்பிடாததால் நாங்கள் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

திரும்பி வந்து ஊர்க் கடையில் சாப்பிட்ட நாசி பெச்செலைப் பற்றித் தனிப் பதிவே போடலாம். சுடுசோறு, வேகவைத்த கீரை, முளைப்பயறு, மேலே காரமும் புளிப்பும் வெல்ல இனிப்புமாக நிலக்கடலை அரைத்த குழம்பு. கூடவே சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பே, பொரித்தது, நம் தட்டையின் தங்கச்சி மாதிரி வேர்க்கடலை பதித்த ரெம்பெயெக். முட்டைகூட வேண்டாம் என்பவர்கள் ஜாவாவில் பட்டினி கிடக்கத் தேவையே இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து 30,000 ரூபியாதான்.

ஜீப்பில் மிச்சமான காசில் தும்பாக் செவு அருவிக்குப் போனோம். செமேருவின் மறுபக்கம், லுமாஜாங் வட்டாரம். ஜாவா மொழியில் ‘செவு’ என்றால் ஆயிரம். சுமார் 120 மீட்டர் உயரப் பாறை அரைவட்டமாக வளைந்து நிற்க, அதன் விளிம்பு முழுக்க நூல் நூலாகத் தண்ணீர் இறங்குகிறது. மேலே இருந்து பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். மூங்கில் ஏணியிலும் கயிற்றைப் பிடித்தும், ஓடும் தண்ணீரிலேயே கால் வைத்து இறங்க வேண்டும். வழுக்கும், செருப்பு கூடவே கூடாது. மலையில் மழை பெய்தால் பள்ளத்தாக்கில் வெள்ளம் வரும் என்பதால் ஏப்ரலுக்கு மேல் அக்டோபருக்குள், அதுவும் காலையிலேயே போய்விடுங்கள். கீழே நின்றால் மூன்று பக்கமும் தண்ணீர்ச் சுவர், சாரலில் கண் திறக்க முடியவில்லை. தங்கச்சி காதருகில் வந்து கத்தித்தான் பேச முடிந்தது. “அக்கா, ஊருக்கு நாளைக்குப் போய்க்கலாமா?”